ஆமைத் தொட்டியின் அடியில் எதைப் போடலாம்?

மீன்தொட்டிக் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டுடன் விற்கப்படுவது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சிவப்புக் காது ஆமை. (நம் ஏரி குளங்களில் வாழும் நாட்டு ஆமைகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே சொல்வதெல்லாம் இந்த ஆமையைப் பற்றியதே.) அதை வாங்குவோரில் பலர் கூடவே ஒரு பை வண்ணச் சரளைக்கல்லையும் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். ஓராண்டு கழித்து ஆமை இரை எடுப்பதை நிறுத்தியது, கழிவும் வரவில்லை. கால்நடை மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே படத்தில், அதன் குடலில் பச்சைப்பயறு அளவில் ஏழு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. தொட்டியை அழகுபடுத்த நான் போட்ட கற்கள்தான் அவை. எல்லாம் வெளியேற மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று.

ஆமைக்குப் பல் கிடையாது. அலகு போன்ற வாயால் கவ்வி, தண்ணீருக்குள் வைத்துத்தான் அது இரையை விழுங்கும். அடியில் கிடக்கும் தீவனத்தைக் கவ்வும்போது பக்கத்தில் இருக்கும் கல்லும் சேர்ந்தே உள்ளே போகும். மிக நுண்ணிய மணல் சிறிதளவு உள்ளே போனால் பெரும்பாலும் கழிவோடு வெளியேறிவிடும். பெரிய கல்லை அதனால் விழுங்கவே முடியாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, வாய்க்குள் நுழைந்து குடலில் தங்கிவிடக்கூடிய அளவுதான் ஆபத்தானது. கடைகளில் மிகுதியாக விற்கப்படும் சரளை அந்த அளவில்தான் இருக்கிறது. கோலிக்குண்டும் கண்ணாடிச் சில்லும் இதே வகையைச் சேர்ந்தவை. மலிவான வண்ணக் கற்களில் சாயம் உரிந்து வருவதும் உண்டு.

முதன்முறையாக ஆமை வளர்ப்பவர்கள் அடியில் எதையும் போடாமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வெறும் கண்ணாடித் தரையில் கழிவும் மீந்த தீவனமும் பளிச்சென்று தெரியும். சைஃபன் குழாயால் சில நிமிடங்களில் உறிஞ்சி எடுத்துவிடலாம். குழாயில் நீரை இழுக்க வாயை மட்டும் வைக்கக் கூடாது. ஆமைகள் நோயின்றித் தோன்றினாலும் மனிதருக்கு வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். அதனால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பதற்கு 1975இல் தடை விதித்தார்கள்.

வெறும் தரை வேண்டாம் என்றால், வழுவழுப்பான ஆற்றுக் கூழாங்கற்களைப் போடலாம். கல் ஒவ்வொன்றும் ஆமையின் தலையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். குஞ்சின் தலையை அளந்து கல் வாங்கினால், ஓரிரு ஆண்டுகளில் அதே கல் விழுங்கும் அளவினதாகிவிடும்; பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும் என்பதை மனத்தில் வைத்துத் தொடக்கத்திலேயே பெரிய கற்களாகப் பொறுக்க வேண்டும். கல்லின் மேல் சில சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும். கூழாங்கற்களின் குறை, அவற்றின் இடுக்குகளில் அழுக்கு சேர்வதுதான். வாரம் ஒருமுறை கற்களைப் புரட்டிச் சுத்தம் செய்யப் பொறுமை உள்ளவர்களுக்கே இது ஒத்துவரும்.

மணல் போட விரும்புவோர் எந்த மணல் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். கட்டடத்துக்கு வாங்கும் எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. அதன் கூர்மையான முனைகள் ஆமையின் அடி ஓட்டையும் தோலையும் உராய்ந்து புண்ணாக்கும், அந்தப் புண் வழியாக ஓட்டழுகல் தொற்றும். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித் துகளும் இருக்கும். நீச்சல் குள ஃபில்டர்களில் பயன்படும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டையான சிலிக்கா மணலே ஏற்றது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தொட்டியில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப ஏறக்குறைய 20 கிலோ தேவைப்படும். வாளியில் சிறிது சிறிதாகப் போட்டு, கையால் கிளறி, மேலே நிற்கும் நீர் கலங்காமல் தெளியும்வரை அலச வேண்டும். அரிசி களைவது போலத்தான், ஆனால் பத்துப் பன்னிரண்டு முறை. இதைவிட ஆழமாக மணல் பரப்பினால் அடியில் காற்றுப் புகாமல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் நச்சு வாயு உருவாகும். ஃபில்டரின் உறிஞ்சும் வாயை மணலிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தாவிட்டால் மோட்டார் தேய்ந்துவிடும். பெரிய கல் எதையாவது வைப்பதானால், மணல் போடுவதற்கு முன்பே தொட்டியின் தரையில் பதித்துவிடுங்கள். மணலின் மேல் வைத்த கல், ஆமை அடியில் தோண்டும்போது சரிந்து அதை நசுக்கலாம், கண்ணாடியையும் உடைக்கலாம்.

எந்தத் தரையானாலும் ஆமை வேண்டுமென்றே கல்லையோ மணலையோ கவ்விக்கொண்டே இருந்தால், உணவில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டை, அதன் பின்புறத்துக் கெட்டி ஓட்டை நீக்கிவிட்டு மிதக்க விட்டால், வேண்டியபோது கடித்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் தொட்டியில் சிறு சரளை இருந்தால், தயங்காமல் இன்றே எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். ஆனால் கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்களில் ஒரு பகுதி அந்தச் சரளையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. எனவே அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு ஃபில்டரின் பஞ்சைக் கழுவாமல் விட்டு, தீவனத்தைச் சற்றுக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்றி வாருங்கள். அதற்குள் அவை ஃபில்டரில் பெருகிவிடும்.