இன்டர்கூலர் மாற்றப் போகிறீர்களா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்து மிதித்தால் டர்போ கார் மந்தமாக இழுக்கிறதா? டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை எஞ்சினுக்குப் போகும் முன் ஆறவைப்பது இன்டர்கூலர்; காற்றோட்டமில்லாமல் அது சூடேறியிருக்கலாம். டர்போவிலிருந்து வரும் காற்று 100 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். அது ஆறாமல் எஞ்சினுக்குள் போனால், நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எஞ்சின் தட்டுவது) வராமலிருக்க ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, பவரைக் குறைத்துவிடும்.

பெரிய இன்டர்கூலர் வாங்கும் முன் இருப்பதைப் பாருங்கள். நம் பக்கத்து லாரிப் புழுதி அதன் ஃபின்களுக்கு (மெல்லிய தகடுகளுக்கு) நடுவில் அப்பியிருக்கும், கடற்காற்றின் உப்பு வேறு. பம்பரைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஃபின் மடங்கிவிடும். அப்புறம் காற்றுக் குழாய்களை இறுக்கும் ஹோஸ் கிளாம்ப்புகளைத் தடவிப் பாருங்கள். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே பூஸ்ட் (டர்போ அழுத்திய காற்று) கசியலாம். மெக்கானிக்கிடம் லீக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால் சரி, ஆனால் அளவில் பேராசை வேண்டாம். அளவுக்கு மீறிப் பெரிதானால் பூஸ்ட் ஏற நேரமெடுக்கும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்கும். தினசரி ஓட்டத்துக்கு, கம்பெனி பொருத்திய இடத்திலேயே உட்காரும், கொஞ்சம் தடிமனான கோர் (ஃபின்கள் உள்ள நடுப்பகுதி) போதும் என்பேன். வாங்கும்போது நல்ல டி-போல்ட் கிளாம்ப்புகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.