பெட்டியில் வரும் கேஸ் மாத்திரையும் லண்டன் மருத்துவரும்

பிரிட்டனுக்கு வந்ததும் மருத்துவரிடம் பதிவு செய்யும் வேலை எளிது. விசாவுக்குப் பணம் கட்டியபோதே மருத்துவக் கட்டணத்தையும் கட்டியிருப்பீர்கள் என்பதால், வீடு கிடைத்த வாரத்திலேயே அருகிலுள்ள ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் பெயரைப் பதிந்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லையென்று வரவேற்பு மேசையில் திருப்பி அனுப்பினால், பதிவதற்கு அது கட்டாயமில்லை என்று மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். அவசரச் சந்தேகங்களுக்கு 111, உயிருக்கு ஆபத்தென்றால் 999. என்னை எட்டு மாதம் அலைக்கழித்தது இவை எதுவுமல்ல.

நான் கிளம்பும்போது அம்மா, இட்லிப் பொடிக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவே, துண்டில் சுற்றிப் பத்து அட்டை பேன்டோபிரசோல் வைத்து அனுப்பினார். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை, நம் வழக்கில் கேஸ் மாத்திரை. எங்கள் மதுரை வீட்டில் அது மருந்துக் கணக்கிலேயே சேராது. பல் துலக்கியதும் வெறும் வயிற்றில் ஒன்று, அரை மணி கழித்துக் காபி என்று அப்பாவுக்குப் பழகிய வழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கிழக்கு லண்டனில் குடியேறிய மூன்றாவது மாதம், மாத்திரையையும் மீறி மேல்வயிற்றில் வலி தொடங்கியது. மருத்துவரிடம் 'கேஸ்' என்றேன். நம் ஊரில் நெஞ்சடைப்பு, ஏப்பம், உப்புசம், முதுகுப் பிடிப்பு எல்லாமே கேஸ்தான். இங்கே அச்சொல் பெரும்பாலும் கீழே பிரியும் காற்றையே குறிக்கும். பருப்பையும் பயறையும் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு, எந்த இடத்தில் வலிக்கிறது, சாப்பிடும் முன்பா பின்பா, இரவில் எழுப்புகிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை சென்றபோது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கு மலப் பரிசோதனை எழுதினார். இரைப்பையில் குடியிருந்து புண் உண்டாக்கும் இக்கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றுவது. நம் பகுதியில் பரவலாக உள்ளது. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் 2005இல் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்லை" என்றேன். பொய் சொல்லும் எண்ணமே எனக்கில்லை.

மூடியிலேயே சிறு கரண்டி பொருத்திய குப்பியில் மாதிரியைக் கொடுத்தேன். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அதை நம்பிப் புளிக்குழம்பை விட்டேன், பாலை விட்டேன், கடைசியில் காபியையும் விட்டேன். மாதங்கள் போயின, வலி போகவில்லை.

மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கப் போன ஒரு நாள், மருந்தாளுநர் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் காலை மாத்திரையைப் பற்றி வாய்திறந்தேன். பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவை கிருமியை ஒழிக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்து அடக்கி வைப்பதால், அது இருந்தும் பரிசோதனையில் தென்படாமல் போகலாம். எனவே பரிசோதனைக்கு முன் 2 வாரம் இவற்றையும், 4 வாரம் ஆன்டிபயாடிக்குகளையும் எடுத்திருக்கக் கூடாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இக்கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனைக்கும் இதே விதிதான். ஆனால் இரைப்பைப் புண் இருந்தவர்களும், ஆஸ்பிரின் அல்லது வலிமாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

மருத்துவரின் ஒப்புதலோடு நிறுத்திய அந்த 2 வாரமும் நரகம். பல காலம் அடக்கிய அமிலம் திடீரென நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். அவர் அனுமதித்த கேவிஸ்கான் என்ற நெஞ்செரிச்சல் மருந்தைக் குடித்துக்கொண்டு, இரண்டு தலையணையில் சாய்ந்தபடி ஒப்பேற்றினேன். இம்முறை கிருமி உண்டு என்று வந்தது. இரண்டு ஆன்டிபயாடிக்கும், ஏழு நாளும் விடாமல் போடச் சொன்ன அதே அமில மாத்திரையும்தான் சிகிச்சை. வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல் கசந்தது, ஆனால் வலி அடங்கியது.

மலம் தார்போல் கறுத்தாலோ இரத்த வாந்தி வந்தாலோ பரிசோதனை, காத்திருப்பு என்று எண்ணாமல் உடனே 999ஐ அழையுங்கள். விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றை ஜி.பி.யிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த சித்தியின் பெட்டியிலும் ஆறு அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் 'மருந்து' என்று மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன். சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.