கூரை மின்சாரத்தைப் பக்கத்து வீட்டுக்கு விற்கும் பிளாக்செயின்: செய்து பார்ப்போம்

2016 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளினில், பிரசிடென்ட் தெருவில் ஒரு வீட்டின் சோலார் மின்சாரத்தை எதிர்ப்பக்க வீட்டுக்காரர் வாங்கினார். எல்ஓ3 எனர்ஜி நிறுவனத்தின் முயற்சி. கணக்கு எழுதியது எத்தீரியம் என்ற பிளாக்செயின், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும், எழுதியதை அழிக்க முடியாத கணக்குப் புத்தகம். தனிக் கம்பி இழுத்தார்களோ என்று தோன்றும். இல்லை. மின்சாரம் வழக்கம்போலத் தெருக் கம்பியில்தான் ஓடியது, கைமாறியது கணக்கு மட்டும். நாம் எழுதப்போவதும் ஒரு கணக்குப் புத்தகம்தான்.

படி 1: பிரவுசரிலேயே எத்தீரியம் நிரல் எழுதிப் பார்க்க உதவும் ரீமிக்ஸ் தளத்தைத் திறங்கள். 'ரீமிக்ஸ் விஎம்' சூழலைத் தேர்ந்தெடுத்தால் தலா 100 போலி ஈத்தரோடு (ஈத்தர் எத்தீரியத்தின் நாணயம்) பல கணக்குகள் கிடைக்கும். வாலட் வேண்டாம், காசும் வேண்டாம். முதல் கணக்கு மீட்டர், இரண்டாவது விற்பவர், மூன்றாவது வாங்குபவர்.

படி 2: எத்தீரியத்தின் நிரல் மொழியான சாலிடிட்டியின் 0.8 பதிப்பில் ஒரு மேப்பிங் (தேடு அட்டவணை) எழுதுங்கள்: எந்த முகவரி, எந்தக் காலத்துண்டு, எவ்வளவு மின்சாரம். (பெயர்களைத் தமிழில் வைக்க ஆசைதான். கம்பைலர் விடாது.) யூனிட்டில் எழுதாதீர்கள். சாலிடிட்டியில் தசமக் கணக்கு நடக்காது, அதனால் 2.4 யூனிட்டை 2400 வாட்-மணி என்று போடுங்கள்.

காலத்துண்டு 15 நிமிடம். இந்திய மின்தொகுப்பும் ஒரு நாளை 96 துண்டாக்கித்தான் கணக்குப் பார்க்கிறது. துண்டு எண் இல்லாவிட்டால் மதிய வெயிலை ராத்திரி எட்டு மணிக்கு விற்றுவிடலாம். கணக்கில் எழுதிய எண் அதுவரை கிடக்கும், மின்சாரம் கிடக்காது.

படி 3: மூன்று ஃபங்ஷன்கள் (இங்கே பெயர்களைத் தமிழில் சொல்கிறேன், நிரலில் ஆங்கில எழுத்தில் வையுங்கள்). 'பதிவு' அளவைக் கூட்டும். அதை மீட்டர் கணக்கு மட்டுமே கூப்பிட முடியும் என்று 'ரிக்வயர்' (நிபந்தனை பொருந்தாவிட்டால் நிறுத்தும் கட்டளை) போடுங்கள். மீட்டரே பொய் சொன்னால்? பிளாக்செயின் அந்தப் பொய்யை அழியாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். 'விற்பனை' இருப்பில் கழித்து, விலையோடு பட்டியலில் வைக்கும். 'வாங்கு' பணத்தைச் சரிபார்த்து, பட்டியலிலிருந்து நீக்கி, வாங்கியவர் பெயரில் மின்சாரத்தை எழுதி, கடைசியில் விற்றவருக்குப் பணம் அனுப்பும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். 2016 ஜூனில் 'தி டிஏஓ' என்ற முதலீட்டு நிதியின் ஒப்பந்தம் (எத்தீரியத்தில் ஓடும் நிரல்) பணத்தை முதலில் அனுப்பிவிட்டு இருப்பைப் பிறகு கழித்ததால், கழிப்பதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டு சுமார் 36 லட்சம் ஈத்தர் உருவப்பட்டது.

படி 4: எழுதிய நிரலை டிப்ளாய் செய்துவிட்டு (செயினில் ஏற்றிவிட்டு) உடைக்கப் பாருங்கள். மீட்டர் கணக்கிலிருந்து விற்பவருக்கு 3000 வாட்-மணி பதியுங்கள். அதையே மூன்றாவது கணக்கிலிருந்து முயன்றால் தோற்க வேண்டும். 4000 விற்க முயன்றாலும் தோற்க வேண்டும். வாட்-மணிக்கு 5 வெய் (ஈத்தரின் மிகச் சிறிய அலகு) என்று 2000 விற்பனைக்கு வையுங்கள். வாங்குபவர் 9000 வெய் கட்டினால் மறுப்பு, 10,000 கட்டினால் முடிந்தது.

படி 5: ஊர் அளவுக்குப் பெரிதாக்குவது. பெரும்பாலான திட்டங்களுக்கு மூச்சு வாங்குவது இங்கேதான். 10,000 வீடுகள், தினம் 96 பதிவுகள்: 9,60,000. நொடிக்கு 11 பரிவர்த்தனை. பிட்காயின் உலகம் முழுக்கச் சேர்த்தே நொடிக்கு சுமார் 7தான் தாங்கும். எனர்ஜி வெப் அமைப்பு 2019இல் தொடங்கிய செயினில், அடையாளம் தெரிந்த நிறுவனங்கள் மட்டுமே பிளாக்கை (பரிவர்த்தனைத் தொகுப்பை) சரிபார்க்கின்றன. வேகம் கிடைக்கும், ஆனால் அந்தச் சிலரை நம்ப வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள பவர் லெட்ஜர் நிறுவனம் எத்தீரியத்தில் தொடங்கி, பிறகு சொலானா என்ற இன்னொரு பிளாக்செயினை அடிப்படையாகக் கொண்ட தனிச் செயினுக்குப் போனது.

என்னைக் கேட்டால், செயினை மாற்றும் முன் அதில் எழுதுவதைக் குறையுங்கள். மீட்டர் அளவுகள் வெளியே சாதாரண டேட்டாபேஸில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஹேஷ் செய்து (தரவு சற்று மாறினாலும் முழுக்க மாறும் ஒரு குறியீடாக்கி), இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி ஹேஷ் செய்துகொண்டே போனால் கடைசியில் ஒரே ஹேஷ் மிஞ்சும். அதுதான் மெர்க்கிள் வேர். துண்டுக்கு ஒரு வேர் என்றால், 10,000 வீட்டுக்கும் நாளுக்கு 96 பதிவுகள் போதும்.

முதலில் நான்கு அளவுகளோடு செய்து பாருங்கள். ஒன்றில் ஒரு வாட்-மணி மாற்றினால் வேர் முழுக்க வேறாக வர வேண்டும். வராவிட்டால், ஜோடி சேர்க்கும் இடத்தில் ஏதோ ஒரு ஹேஷை விட்டிருக்கிறீர்கள்.