‘இரு மடங்கு’ என்று எழுதுமுன்: பொதுச் சுகாதார ஆய்வுகளைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அந்நாட்டு மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்களுக்குக் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்பது அதன் சாரம். செய்தி பரவியதும் ஏராளமான பெண்கள் அச்சத்தில் மாத்திரையை நிறுத்தினார்கள்; அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 கூடுதலாக நடந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அந்த ‘இரு மடங்கு’ குறித்தது என்னவென்றால், பழைய மாத்திரையை உட்கொண்ட 7,000 பேரில் ஒருவருக்கு ஏற்பட்ட ரத்த உறைவு, புதிய மாத்திரையை உட்கொண்ட 7,000 பேரில் இருவருக்கு ஏற்பட்டது என்பதுதான். கருவுற்றிருக்கும் நிலையே ரத்த உறைவின் ஆபத்தை இதைவிட அதிகமாக உயர்த்தக்கூடியது என்பது அந்தப் பரபரப்பில் பலருடைய காதில் விழவேயில்லை.

பொதுச் சுகாதார ஆய்வுகள் வாசிக்கப்படும் கருத்தரங்கில் குறிப்பெடுப்பவர்கள் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இது. ‘50 சதவீதம் குறைந்தது’, ‘மூன்று மடங்கு கூடியது’ என்ற சொற்கள் திரையில் தோன்றும்போது, எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில், எந்த அளவிலிருந்து எந்த அளவுக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 7,000 பேரில் ஒருவர் கூடுதல் என்பது ஒரு பெண்ணுக்கு மிகச் சிறிய ஆபத்து. ஆனால் பல லட்சம் பேர் உட்கொள்ளும் மருந்தில் அதே விகிதம் கணிசமான எண்ணிக்கையாகிவிடும் என்பதால், பொதுச் சுகாதாரத் துறை அதைப் புறக்கணிக்க முடியாது. ஆகவே இரண்டு எண்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளை நடத்தும் துறைக்குத் தொற்றுநோயியல் என்று நாம் வழங்கும் பெயரே ஒரு தவறான எண்ணத்துக்கு இடம் தருகிறது. மாரடைப்பு, புற்றுநோய், சாலை விபத்து, தற்கொலை எல்லாமே இத்துறை ஆராய்பவை. யாருக்கு, எங்கே, எப்போது, ஏன் வருகிறது என்பதுதான் இதன் கேள்வி. கிருமி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

ஏன் என்ற கேள்வியில்தான் பெரிய ஆய்வாளர்களும் சறுக்கியிருக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதை அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்த கவனிப்பு ஆய்வுகள், அதாவது மாத்திரையைத் தாமாக எடுத்துக்கொண்டவர்களையும் எடுக்காதவர்களையும் வெறுமனே கவனித்து ஒப்பிட்ட ஆய்வுகள், காட்டின. அதை நம்பி அம்மாத்திரை லட்சக்கணக்கானோருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிறகு 16,608 பெண்களைத் தற்செயல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையையும் மற்றதற்கு மருந்தில்லாப் போலி மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தபோது, முடிவு தலைகீழாக வந்தது. 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால், மருந்து எடுத்தவர்களில் இதயநோய் 7 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும் கூடுதலாக வந்ததால், 2002இல் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. முந்தைய ஆய்வுகள் காட்டிய பலனில் ஒரு பகுதி மாத்திரையினுடையது அன்று: அதை விரும்பி எடுத்துக்கொண்ட பெண்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்களாகவும், முன்பே உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்களாகவும் இருந்தார்கள். மறுபுறம், 2002ஆம் ஆண்டு ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63 என்பதால், மாதவிடாய் நின்று ஓரிரு ஆண்டே ஆன பெண்ணுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவதும் சரியாகாது.

இனி, நோய் ‘பெருகிவிட்டது’ என்ற சொல். தென் கொரியாவில் 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அதே காலத்தில் அந்நோயால் இறந்தோரின் விகிதமோ ஏறக்குறைய மாறவேயில்லை. அங்கே பரவியது பெரும்பாலும் கழுத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் பழக்கம். வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகள் ஸ்கேனில் அகப்பட்டு, அறுவை சிகிச்சை வரை போயின. நோயாளிகளின் எண்ணிக்கை உயர்வதைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், அதே தாளில் இறப்பு வரைபடம் எங்கே என்று தேட வேண்டும்.

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிரிட்டனில் பதின்ம வயதினரிடம் நடத்திய ஆய்வில் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைப் பெருமளவு தடுத்தது. இந்தியாவிலும் அப்படித்தானா என்று பார்க்க, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். ஏழரை ஆண்டு கவனித்தபின் வெளிவந்த முடிவு உலகையே திகைக்க வைத்தது: சளியில் கிருமி காணப்படும் நுரையீரல் காசநோய்க்கு எதிராக அந்தத் தடுப்பூசி எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளோடு இங்குள்ளவர்களின் உடல் முன்பே பழகியிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஓர் ஊரின் முடிவை இன்னோர் ஊருக்கு அப்படியே பெயர்த்து நடக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இதே முடிவைச் சுட்டிக்காட்டி, பி.சி.ஜி. பயனற்றது, குழந்தைக்குப் போட வேண்டாம் என்று சிலர் சொல்வதுதான் மனத்தை வருத்துகிறது. அந்த ஆய்வு விடை தேடிய கேள்வி நுரையீரல் காசநோயைப் பற்றியது. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அத்தடுப்பூசி காப்பதாக வேறு ஆய்வுகள் காட்டியிருப்பதால்தான், இன்றும் பிறந்தவுடன் அது போடப்படுகிறது. ஆய்வு கேட்காத கேள்விக்கு அதனிடமிருந்து விடை வாங்குவது, ஒரு குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட தவறாகிவிடுகிறது.

கருத்தரங்கில் வாசிக்கப்படும் ஆய்வுச் சுருக்கத்தை முடிந்த முடிவாகக் கொள்வதும் தவறே. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முழுக் கட்டுரையாக வெளிவருவதே இல்லை. வெளிவருபவற்றிலும் எண்கள் மாறுவதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் மாவட்ட அளவிலான ஒரு கருத்தரங்கில் இளம் மருத்துவர் ஒருவர், தம் வட்டாரத்தில் சர்க்கரை நோய் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று அழகான வண்ண வரைபடங்களோடு விளக்கினார். அரங்கில் இருந்த பேராசிரியர்கள், முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்று பார்க்க உதவும் பி மதிப்பைப் பற்றியும் மாதிரி அளவைப் பற்றியும் கேட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் தயங்கி எழுந்து, “சார், இவங்க எல்லாரும் வீடு வீடாப் போய்ப் பார்த்தவங்களா, முகாமுக்கு வந்தவங்களா?” என்று கேட்டார். மருத்துவர் பின்னோக்கி நகர்த்தி மூன்றாவது படத்துக்கு வந்தார். முகாமுக்கு வந்தவர்கள். கிறுகிறுப்பு, அடிக்கடி சிறுநீர், வீட்டில் ஒருவருக்கு ஏற்கெனவே சர்க்கரை என்று ஏதோ ஒரு சந்தேகத்தோடு வந்தவர்கள்தான் முகாமில் நிறைந்திருப்பார்கள். அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அடிப்படைக் கேள்வி என்று நினைத்துக் கூச்சப்பட்டு அதைக் கேட்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மருத்துவர் அங்கேயே பேனாவை எடுத்து, தம் தலைப்பில் இருந்த ‘வட்டார மக்களிடையே’ என்பதை அடித்துவிட்டு, ‘முகாமுக்கு வந்தோரிடையே’ என்று திருத்திக்கொண்டார்.