ஆன்டிவைரஸ் இருந்தும் கோட்டை விடும் இடங்கள்

எங்கள் சர்வீஸ் கடைக்கு வரும் புதுப் பையன்கள் விண்டோஸ் போட்ட கையோடு ஏதாவது ஒரு ஆன்டிவைரஸையும் போட்டுவிடுவார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான். அப்போது அதில் நியாயம் இருந்தது. விண்டோஸோடு மைக்ரோசாஃப்டே தரும் பாதுகாப்பு மென்பொருள்தான் டிஃபெண்டர். விண்டோஸ் 7-இல் அது உளவு மென்பொருளை மட்டும்தான் பார்த்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது முழு ஆன்டிவைரஸும் உள்ளேயே வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. தெரியாத மெயிலைத் திறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது, அதை விடுங்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் போடுவது

வேண்டாம். கம்ப்யூட்டர்தான் நொண்டும்.

கிராக்குக்காக டிஃபெண்டரின் கண்ணைக் கட்டுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். காசு கொடுக்க வேண்டிய மென்பொருளைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுவதுதான் கிராக். அதோடு வரும் டெக்ஸ்ட் ஃபைலில் முதல் வேலையே 'ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்றிருக்கும். நாயைக் கட்டிப்போடச் சொல்வது திருடன், கட்டிப்போடுவது நாம். அணைத்தாலும் டிஃபெண்டர் கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துவிடும். அதனால் நம் ஆட்கள் அந்த ஃபோல்டரை, சோம்பல் வந்தால் டிரைவையே, எக்ஸ்க்ளூஷனில், அதாவது டிஃபெண்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் பட்டியலில், சேர்த்துவிடுவார்கள். அது அப்படியே கிடக்கும். அப்புறம் அங்கே என்ன வந்து இறங்கினாலும் டிஃபெண்டர் திரும்பிப் பார்க்காது.

ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு ஆல்பம் டிசைன் செய்யும் மென்பொருளை இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். டி டிரைவ் முழுக்க எக்ஸ்க்ளூஷன். சில மாதம் கழித்து அவரே இன்னொரு கிராக்கை இறக்கியிருக்கிறார். உள்ளே இருந்தது ஸ்டாப் என்கிற ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை. கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி. எம்சிசாஃப்ட் என்கிற பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவச டிக்ரிப்டர், அதாவது பூட்டைத் திறக்கும் மென்பொருள், பழைய வகைகள் பலவற்றைத் திறந்தது. இவருக்கு வந்ததோ புது வகை. பேக்கப் ஹார்ட் டிஸ்க்? அதுவும் செருகியே இருந்தது. முகூர்த்தப் படங்கள் உட்பட எல்லாம் போச்சு. கல்யாண வீட்டுக்கு அவர் பதில் சொன்னார், அவருக்கு நான் சொன்னேன்.

இப்போது எந்த மெஷின் வந்தாலும் விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறேன். போன வாரம் ஒன்றில் சி டிரைவே இருந்தது. செய்தது எங்கள் கடைப் பையன்.

ட்ரையல் முடிந்த ஆன்டிவைரஸை வைத்திருப்பது

அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாகத் திரும்பும்.

அப்டேட்டை நிறுத்தி வைப்பது

2017 மே மாதம் வான்னாக்ரை என்கிற ரான்சம்வேர் பரவியது. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்திருந்தது, அந்த அப்டேட்டைப் போட்டவர்கள் தப்பித்தார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதற்கு ஆன்டிவைரஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், 11-க்கு மாற முடியுமா என்று முதலில் பாருங்கள் என்கிறேன். ஆன்டிவைரஸ் காசில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். காப்பி எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.