ஜப்பானிய வாக்கியத்தைத் தமிழில் யோசியுங்கள்

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்குபவர்கள் வாக்கியத்தை ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் நேராகத் தமிழிலிருந்தே கட்டுங்கள். இரண்டிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘மிசு ஓ நோமிமாஸ்’ என்றால் ‘தண்ணீரைக் குடிக்கிறேன்’. அந்த ‘ஓ’ நம் ‘ஐ’. ‘தோக்கியோ நி இகிமாஸ்’ (டோக்கியோவுக்குப் போகிறேன்) என்பதில் ‘நி’ நம் ‘கு’. ‘காரா’ என்றால் ‘இருந்து’. வாக்கியக் கடைசியில் ‘கா’ சேர்த்தால், நம் ‘ஆ’ போலவே, கேள்வியாகிவிடும். ‘தாபெதே மிமாஸ்’ என்பது சொல்லுக்குச் சொல் ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’! முயன்று பார்ப்பதைச் சொல்ல அங்கேயும் ‘பார்’தான். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

சில இடங்களில் இது உதவாது. பேசுபொருளைக் காட்டும் ‘வா’வுக்கும் எழுவாயைக் காட்டும் ‘கா’வுக்கும் (கேள்விக்கான ‘கா’ வேறு) தமிழில் நேரான இணை இல்லை. அவற்றைத் தனியாகத்தான் பழக வேண்டும். ‘எனக்கு சுஷி பிடிக்கும்’ என்பதை அப்படியே மாற்றி ‘நி’ போட்டுவிடாதீர்கள். ‘வாதாஷி வா சுஷி கா சுகி தெஸ்’ என்பதே சரி. ‘நான் மாணவன்’ என்று நாம் நிறுத்துகிற இடத்தில், மரியாதைப் பேச்சில் அவர்களுக்கு ‘தெஸ்’ வேண்டும்.