வெண்கலப் பாம்பை வைத்து ஞானார்த்தம் கற்பிப்பது

இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு நான் விவிலிய இலக்கியம் எடுக்கத் தொடங்கிய வருடம், குறியீடுகளைப் பட்டியல் போட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஆட்டுக்குட்டி என்றால் கிறிஸ்து, தண்ணீர் என்றால் திருமுழுக்கு, பாம்பு என்றால் சாத்தான். பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். தேர்வில் எண்ணாகமம் 21-ஆம் அதிகாரத்தை (பாலைவனத்தில் பாம்புகள் கடித்த இஸ்ரவேலர் பிழைக்க மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைக் கம்பத்தில் ஏற்றும் கதை) விளக்கச் சொன்னால், மோசே சாத்தானைக் கம்பத்தில் ஏற்றினார், பார்த்தவர்கள் பிழைத்தார்கள் என்று விடைத்தாளுக்கு விடைத்தாள் எழுதியிருந்தது. பிழை பட்டியலில் இருந்தது. அதை அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது ஞானார்த்தத்தை, அதாவது கதைக்குள் இருக்கும் உட்பொருளைக் கற்பிக்க, அந்த ஒரே பாம்பை எடுத்துக்கொண்டு நான்கு வகுப்பு நடத்துகிறேன்.

முதல் வகுப்பில் உட்பொருள் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். 21:4-9, ஆறே வசனங்கள். ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: ஜனங்கள் மோசேயிடம் என்ன கேட்டார்கள்? பாம்புகள் நீங்க வேண்டும் என்று. நீங்கினவா? இங்கே வகுப்பு அமைதியாகிவிடும். எல்லோரும் தலை குனிந்து மறுபடி தேடுவார்கள். நீங்கியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கடிபட்டவன் நிமிர்ந்து பார்த்தால் பிழைப்பான் என்று மட்டும்தான் இருக்கிறது. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள்.

தமிழ் மேஜர் பிள்ளைகள் இருந்தால் உள்ளுறை, இறைச்சி என்று (சங்கப் பாடல்களில் மறைபொருள் சொல்லும் முறைகள்) உடனே கை தூக்குவார்கள். நல்லதுதான். குறுந்தொகையில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் குருகை நினைவூட்டுங்கள். முதலில் அது தண்ணீரில் நிற்கிற, மெலிந்த பசுங்காலுள்ள பறவை. அந்தக் காலைப் பார்க்காதவனுக்கு அது தரும் பொருளும் கிடைக்காது. அதே கண்ணோடுதான் பாம்பையும் பார்க்க வேண்டும். இஸ்ரேலின் தெற்கே, திம்னா செம்புச் சுரங்கப் பகுதியில் 1969-இல் அகழ்ந்தெடுத்த சிறு செம்புப் பாம்பின் படத்தை நான் காட்டுவேன். தலையில் பொன்முலாம். மோசே செய்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த வட்டாரத்தில் செம்பில் பாம்பு வார்த்தார்கள் என்பது கண்ணில் பட்டால் போதும். யாராவது ஒருவர் ஆம்புலன்ஸில் உள்ள பாம்புக் கோல் இதுதானே என்பார். அது கிரேக்கர்களின் மருத்துவ தெய்வம் அஸ்கிலேப்பியஸுடையது என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் வகுப்புக்கு 2 இராஜாக்கள் 18:4. உயிர் காத்த அதே பாம்புக்கு ஜனங்கள் தூபம் காட்டுகிறார்கள். யூதாவின் அரசன் எசேக்கியா அதை உடைத்துப் போட்டு, நிகுஸ்தான் என்கிறான். எபிரேயத்தில் பாம்புக்கும் செம்புக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, அந்தப் பெயரில் இரண்டும் கேட்கும். கூடவே கத்தோலிக்கப் பதிப்பில் உள்ள சாலமோனின் ஞானம் 16-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள்: பிழைத்தது பார்த்த பொருளால் அல்ல, இறைவனால் என்கிறது. சீர்திருத்தச் சபைப் பிள்ளைகளிடம் அந்த நூல் இருக்காது, நகல் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, யோவான் 3:14. மோசே பாம்பை உயர்த்தியதுபோல மனுஷகுமாரனும், அதாவது இயேசுவும், உயர்த்தப்பட வேண்டும் என்கிறது. இதைத் தமிழில் நடத்துவதில் ஒரு வசதி இருக்கிறது. ‘உயர்த்தப்பட’ என்று அங்கே வரும் கிரேக்கச் சொல் மேலே தூக்குவதையும் மேன்மைப்படுத்துவதையும் சேர்த்தே குறிக்கும். கரும்பலகையில் ‘ஏற்றினார்கள்’ என்று எழுதி, முன்னால் கோடிட்ட இடம் விடுங்கள். ஒரு பெண் ‘சிலுவையில்’ என்று எழுதினாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்து, அதன் கீழே ‘அரியணையில்’ என்று எழுதினான். தான் உயர்த்தப்படும்போது எல்லாரையும் தன்னிடம் இழுத்துக்கொள்வேன் என்று இயேசு சொல்லும் யோவான் 12:32-ஐ நான் விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

கடைசி வகுப்பில்தான் முறைகளின் பெயர்கள். சிங்கம் ஓரிடத்தில் கிறிஸ்துவையும் வேறோர் இடத்தில் பிசாசையும் குறிக்கும், பாம்பும் அப்படியே நல்லதற்கும் கெட்டதற்கும் வரும் என்று திருச்சபைத் தந்தை அகுஸ்தினார் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். ‘சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய்’, அதாவது விவேகமுள்ளவர்களாய், இருக்கச் சொன்னவர் இயேசுவே என்று காட்டினால் பழைய பட்டியல் தானாக உதிர்ந்துவிடும்.

நம்பிக்கையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு பயம் வரும். ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, “அப்ப பாம்பு நெஜமாவே இல்லையா மேடம்?” என்றாள், கண் கலங்கியிருந்தது. அவசரப்படாதீர்கள். நானும் அவளும் அங்கேயே நின்று கலாத்தியர் 4:24-ஐ வாசித்தோம். ஆபிரகாமின் பிள்ளைகளைப் பெற்ற ஆகார், சாராள் கதையைப் பவுல் ‘ஞானார்த்தமுள்ளவைகள்’ என்கிறார். ஆகார் என்று ஒருத்தி இருக்கவில்லை என்று அவர் சொல்லவே இல்லை. நடந்ததா என்பது ஒரு கேள்வி, என்ன சொல்கிறது என்பது வேறொரு கேள்வி. இந்தப் பாடம் இரண்டாவதைக் கேட்கிறது. முதல் கேள்வியை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமையில்லை. இந்து, முஸ்லிம் பிள்ளைகளிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், தயக்கமில்லாமல் பேசுவார்கள்.

தேர்வுக்கு அவர்கள் பார்த்திராத பகுதியைக் கொடுங்கள். நான் பெரும்பாலும் ஆதியாகமம் 28-இல் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லைக் கொடுப்பேன். பத்து மதிப்பெண்ணில் நான்கு, கல்லைக் கல்லாகவே பார்த்து எழுதியதற்கு.